இருபது பதிவேற்றம் ஒன்றாக ஓடுகிறது, கடைசி ஒன்று மட்டும் நின்றுவிடுகிறது (சி, லிப்கர்ல், எபோல்)

கோட்டையூரான்

வணக்கம். காரைக்குடியில் பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து சேமிக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கிறேன். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் பெட்டகங்களில் கிடந்த பேரேடுகள், ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்கள், மொய்க் கணக்கு நோட்டுகள் என்று வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு பக்கம் டிஃப் கோப்பாக 60 முதல் 100 எம்பி வரை வரும். ஸ்கேன் முடிந்ததும் அதை இரண்டு சர்வர்களுக்கு அனுப்ப வேண்டும். ஒன்று சென்னையில் இருக்கிறது. அதை 'அ' என்கிறேன். மற்றது வாடகைச் சேமிப்பு, அது 'ஆ'.

அனுப்பும் நிரலை எனக்கு முன்பு இருந்தவர் சி மொழியில் எழுதி வைத்துவிட்டுச் சிங்கப்பூர் போய்விட்டார். ஒரு ஜிபி நினைவகம் உள்ள ராஸ்பெரி பையில் ஓடுகிறது. த்ரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் தனி ஓட்டம்) எதுவும் கிடையாது. ஒரே லூப். ஸ்கேனர் எழுதும் அடைவை ஐநோட்டிஃபை (கோப்பு மாறினால் சொல்லும் லினக்ஸ் வசதி) கவனிக்கிறது, அதன் விவரிப்பானும் (திறந்த கோப்புக்கோ இணைப்புக்கோ கெர்னல் தரும் எண்), கோப்பை இணையத்தில் அனுப்பும் நூலகமான லிப்கர்லின் சாக்கெட்டுகளும் (இணைப்பு முனைகள்) ஒரே எபோலில் (பலவற்றில் எது தயார் என்று சொல்லும் கெர்னல் வசதி) சேர்ந்திருக்கின்றன. ஏதாவது ஒரு சாக்கெட் தயாரானால் கர்ல்_மல்டி_சாக்கெட்_ஆக்‌ஷன் அழைக்கப்படுகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

சிக்கல் இதுதான். இருபது கோப்புகளை ஒன்றாகக் கொடுத்தால் மளமளவென்று போகின்றன. கடைசியில் மிஞ்சும் ஒன்று மட்டும் நின்றுவிடுகிறது. பெரும்பாலும் அது 'ஆ' சர்வருக்குப் போக வேண்டியதாக இருக்கிறது. தனியாக ஒரே ஒரு கோப்பை 'ஆ'வுக்கு அனுப்பினால் போகவே மாட்டேன் என்கிறது. அதே நேரத்தில் ஸ்கேனர் புதிதாக ஒரு பக்கத்தை எழுதி அது வரிசையில் சேர்ந்தால், நின்றுபோன கோப்பு தானாக உயிர்பெற்று ஓடுகிறது. நிரல் கெர்னலை அழைப்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டுப் பார்த்தேன். எபோல்_வெயிட் காலவரம்பு மைனஸ் ஒன்றோடு (முடிவில்லாமல் காத்திரு என்று பொருள்) அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பிழைச்செய்தி ஒன்றும் இல்லை. எங்கே தேடுவது?

பூஜ்ஜியம்

இருபது கோப்புக்கு எதற்கு இத்தனை வித்தை? கோப்புக்கு ஒரு த்ரெட் போடுங்கள், ஒவ்வொன்றிலும் கர்ல்_ஈஸி_பெர்ஃபார்ம் அழைத்துவிட்டுக் காத்திருங்கள். ஒரு மணி நேர வேலை. அடுத்தவர் எழுதிய நிகழ்வு லூப்பைத் திருத்துவதைவிடத் தூக்கிப் போட்டுவிட்டு எழுதுவது மேல்.

மகர்நோன்பு

பூஜ்ஜியம், த்ரெட் ஒன்றுக்கு 8 எம்பி அடுக்கு நினைவகம். இருபதுக்கு 160 எம்பி. ஒரு ஜிபி இயந்திரத்தில் அது அதிகம்.

மேலாள்

மகர்நோன்பு சொல்லும் 8 எம்பி கணக்கை எல்லா இடத்திலும் கேட்கிறேன். அது மெய்நிகர் முகவரி இடம் மட்டும்தான். த்ரெட் தொட்ட பக்கங்களுக்கு மட்டுமே கெர்னல் உண்மையான நினைவகத்தைக் கொடுக்கும். இருபது த்ரெட்டுகளை அந்தச் சிறிய பலகை சிரமமில்லாமல் தாங்கும். ஆகவே பூஜ்ஜியம் சொல்வது நடக்காத காரியம் அல்ல. ஆனால் நோய் என்னவென்று தெரியாமல் வீட்டை இடித்துக் கட்டச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கோட்டையூரான் தம்பி, நீங்கள் கொடுத்த விவரத்திலேயே பாதி விடை இருக்கிறது. டைமர் கால்பேக்கில் (நேரம் குறிக்கச் சொல்லி லிப்கர்ல் திரும்ப அழைக்கும் உங்கள் செயற்கூறில்) என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். கர்ல்எம்ஆப்ட்_டைமர்ஃபங்ஷன் என்று தேடினால் கிடைக்கும்.

கோட்டையூரான்

பார்த்தேன் அண்ணே. டைமர் கால்பேக் இருக்கிறது. உள்ளே ஒரே வரி: பூஜ்ஜியத்தைத் திருப்பி அனுப்புகிறது. அவ்வளவுதான். மேலே 'பிறகு எழுத வேண்டும்' என்று ஒரு குறிப்பு. புதிய கோப்பை மல்டியில் (பல பரிமாற்றங்களை ஒன்றாக வைத்திருக்கும் லிப்கர்ல் தொகுப்பு) சேர்த்ததும் கர்ல்_சாக்கெட்_டைம்அவுட் என்ற மதிப்போடு சாக்கெட்_ஆக்‌ஷனை ஒருமுறை அழைக்கிறார்.

மேலாள்

நினைத்தேன். சற்று விரிவாகவே சொல்கிறேன். இந்த இடத்தில் தடுக்கி விழாதவர்கள் குறைவு.

சாதாரண மல்டி முறையில் நீங்கள் பெர்ஃபார்ம் என்று அழைத்தால், லிப்கர்ல் தன்னிடம் உள்ள எல்லாப் பரிமாற்றங்களையும் ஒரு சுற்று பார்த்துவிடும். சாக்கெட் முறையில் அப்படி இல்லை. காத்திருக்கும் பொறுப்பு முழுவதும் உங்களுடையது. லிப்கர்ல் இரண்டே செய்திகளைச் சொல்லும். ஒன்று, 'இந்தச் சாக்கெட்டைப் படிக்கவோ எழுதவோ கவனி.' இது சாக்கெட் கால்பேக் வழியாக வரும். மற்றது, 'இத்தனை மில்லி வினாடி கழித்து, ஒன்றும் நடக்காவிட்டாலும் என்னை எழுப்பு.' இது டைமர் கால்பேக் வழியாக வரும். உங்கள் ஆள் முதலாவதைச் செய்தார், இரண்டாவதை விட்டுவிட்டார்.

நம் ஊர்க் கணக்கிலேயே சொன்னால், கொடுக்கல் வாங்கல் கடையில் ஆள் படியேறி வந்தால் பேரேட்டைத் திறப்பது ஒரு வேலை. யாரும் வராவிட்டாலும் தவணை நாள் வந்துவிட்டால் பேரேட்டைத் திறப்பது இன்னொரு வேலை. உங்கள் நிரல் ஆள் வந்தால் மட்டும் திறக்கிறது.

அப்படியானால் இருபது போகும்போது ஏன் சரியாக இருந்தது? ஒரு சாக்கெட்டில் நிகழ்வு வந்ததென்று நீங்கள் ஆக்‌ஷனை அழைக்கும்போது, லிப்கர்ல் அந்தச் சாக்கெட்டின் வேலையை முடித்துவிட்டு, அதோடு காலம் கடந்துபோன மற்ற டைமர்களையும் பார்த்துவிடும். ஏதாவது ஓர் இணைப்பில் போக்குவரத்து இருக்கும்வரை டைமருக்காக அழைப்பவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கிறார்கள். பத்தொன்பது கோப்புகள் ஓடிக்கொண்டிருந்தால் இருபதாவதன் டைமரும் அந்தச் சாக்கில் நடந்துவிடும். மற்றவை முடிந்து அது மட்டும் தனியாக நின்றால், எழுப்ப யாரும் இல்லை. புதுக் கோப்பு வந்தால் உயிர்பெறுவதும் இதனால்தான்: சேர்த்தவுடன் உங்கள் ஆள் ஒருமுறை டைம்அவுட் அழைப்பு விடுகிறார் அல்லவா, அது நின்றுபோனதையும் சேர்த்து எழுப்பிவிடுகிறது.

சிக்ரி சாலை

மேலாள் சொன்னது சரி. 'ஆ' மட்டும் ஏன் என்பதற்கு விடை சொல்கிறேன். நீங்கள் எச்டிடிபி 1.1 வழியாக புட் (கோப்பைப் பதிவேற்றும் கோரிக்கை) செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு எம்பிக்கு மேற்பட்ட உடலை அனுப்பும்போது லிப்கர்ல் தலைப்பு வரிகளில் 'எக்ஸ்பெக்ட்: 100-கன்டினியூ' என்று ஒரு வரியைச் சேர்க்கும். 'பெரிய கோப்பு வருகிறது, அனுப்பலாமா?' என்று கேட்பது அது. சர்வர் 100 என்று பதில் கொடுத்தால் உடனே கோப்பை அனுப்பத் தொடங்கும். சில சர்வர்கள் அந்த வரியைக் கண்டுகொள்வதே இல்லை. அதற்காகக் காலமெல்லாம் காத்திருக்கக் கூடாது என்று நெறிமுறையே சொல்கிறது. லிப்கர்ல் இயல்பாக ஒரு வினாடி காத்திருந்துவிட்டு, பதில் வராவிட்டாலும் அனுப்பத் தொடங்கிவிடும்.

அந்த ஒரு வினாடியை யார் எண்ணுவது? டைமர் கால்பேக் வழியாக உங்களிடம்தான் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

'அ' 100 என்று பதில் தருகிறது. அது சாக்கெட் நிகழ்வாக வந்து சேர்கிறது, வேலை நடக்கிறது. 'ஆ' பேசாமல் இருக்கிறது. எஸ்ட்ரேஸில் தலைப்பு வரிகள் போனதும் எபோல்_வெயிட் மட்டும் மிஞ்சியிருக்கும், பாருங்கள்.

கோட்டையூரான்

அப்படியேதான் இருக்கிறது! தலைப்பு வரிகளை அனுப்பியதும் அமைதி. அந்த எக்ஸ்பெக்ட் வரியை வெறுமையாக்கி அனுப்பிப் பார்த்தேன். தனிக் கோப்பு 'ஆ'வுக்கு உடனே போய்விட்டது. இத்தோடு விட்டுவிடலாமா?

தேன்குழல்

விடக் கூடாது. டைமரை நம்பி இருப்பது அந்த ஒரு வினாடி மட்டும் அல்ல. ஒரு சர்வருக்கு ஐபிவி6, ஐபிவி4 என்று இரண்டு முகவரிகளும் இருந்தால், முதலாவது பதில் தராதபோது இயல்பாக 200 மில்லி வினாடியில் இரண்டாவதையும் முயல வேண்டும். இணைப்புக்கான காலவரம்பு, அது நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் 300 வினாடி. மொத்தக் காலவரம்பு. வேகம் குறைந்தால் கைவிடும் வசதி. பெயரை முகவரியாக்கும் வேலை வேறு த்ரெட்டில் நடந்தால், சில பதிப்புகளில் அதன் முடிவைத் தெரிந்துகொள்வதும் டைமர் வழியாகத்தான். எக்ஸ்பெக்டை நீக்கியது ஓர் அறிகுறியை மட்டும் மறைத்தது. என்றைக்காவது இணைப்பு மந்தமான நாளில் வேறு வேடத்தில் திரும்பி வரும்.

பூஜ்ஜியம்

சரி, த்ரெட் யோசனையை ஒதுக்கி வைக்கிறேன். டைமர் கால்பேக்கில் வரும் காலம் பூஜ்ஜியம் என்றால் 'உடனே' என்று பொருள். அங்கேயே சாக்கெட்_ஆக்‌ஷனை அழைத்துவிட்டால் போகிறது. மற்ற மதிப்புகளுக்கு மட்டும் டைமர் வைத்துக்கொள்ளலாம்.

தேன்குழல்

அதைத்தான் செய்யக் கூடாது. கால்பேக் உங்களை லிப்கர்ல் தன் வேலையின் நடுவே அழைப்பது. அதற்குள்ளிருந்தே மறுபடி அதனிடம் போனால் தன்னைத் தானே அழைக்கும் சுழல் ஆகிவிடும். 7.59.0 பதிப்பிலிருந்து அப்படி அழைத்தால் 'ரிகர்சிவ் ஏபிஐ கால்' என்ற பிழையைத் திருப்பித் தருகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் அந்தக் காவலும் இல்லை. கால்பேக்கில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். அழைப்பு எப்போதும் லூப்பிலிருந்து போகட்டும்.

குறித்துக்கொள்வதற்கு இரண்டு வழி உண்டு. ஒரு மாறியில் 'எழுப்ப வேண்டிய நேரம்' என்று மோனோடோனிக் (பின்னோக்கிப் போகாத) கடிகாரக் கணக்கில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் எபோல்_வெயிட்டுக்குக் கொடுக்கும் காலவரம்பை அதிலிருந்து கணக்கிடலாம். அல்லது டைமர்எஃப்டி. லினக்ஸ் 2.6.25 முதல் இருக்கிறது; டைமரும் ஒரு விவரிப்பானாகிவிடுவதால் எபோலிலேயே சேர்ந்துவிடும். உங்கள் லூப்பின் அமைப்புக்கு இரண்டாவது பொருந்தும்.

டைமர்எஃப்டியில் ஒரு குழி இருக்கிறது. லிப்கர்ல் பூஜ்ஜியம் என்றால் 'உடனே எழுப்பு' என்கிறது. டைமர்எஃப்டி_செட்டைமுக்குப் பூஜ்ஜியம் கொடுத்தால் 'டைமரை அணைத்துவிடு' என்று எடுத்துக்கொள்ளும். இரண்டும் நேர் எதிர். ஆகவே பூஜ்ஜியம் வந்தால் ஒரு நானோ வினாடி என்று வையுங்கள். மைனஸ் ஒன்று வந்தால் பூஜ்ஜியம் வைத்து அணையுங்கள். ஒரு மல்டிக்கு ஒரே டைமர்தான். புதிய மதிப்பு வந்தால் பழையது ரத்து. ஒருமுறை அடித்தால் முடிந்தது, தானாகத் திரும்ப அடிக்கும் வகையில் வைக்க வேண்டாம். அடித்ததும் அந்த விவரிப்பானிலிருந்து எட்டு பைட்டைப் படித்துவிட மறக்காதீர்கள். படிக்காவிட்டால் எபோல் அதையே திரும்பத் திரும்பக் காட்டும், பலகை சூடாகும்.

இதை எழுதியபின், கோப்பைச் சேர்த்ததும் செய்யும் அந்தக் கையழைப்பை எடுத்துவிடலாம். சேர்த்தவுடன் லிப்கர்ல் தானே பூஜ்ஜியத்தோடு டைமர் கால்பேக்கை அழைக்கும். அதுதான் தொடக்க உதை.

மகர்நோன்பு

எபோலை எட்ஜ் ட்ரிகர் முறையில் வைத்தால் இன்னும் வேகம் என்று படித்திருக்கிறேன். அதையும் மாற்றிவிடலாமே?

மேலாள்

வேண்டாம். எட்ஜ் முறையில் 'நிலை மாறியது' என்று ஒரே ஒரு முறை சொல்வான் கெர்னல். அதன்பின் ஈஅகைன் ('இப்போது ஒன்றும் இல்லை') வரும்வரை படித்துத் தீர்ப்பது உங்கள் பொறுப்பு. ஆனால் படிப்பது நீங்கள் இல்லை, லிப்கர்ல். அது ஒரு பரிமாற்றமே எல்லா நேரத்தையும் விழுங்கிவிடாதபடி ஓர் அளவுக்குப் படித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். மிச்சம் சாக்கெட்டில் கிடக்கும், எபோல் மறுபடி சொல்லாது, நீங்கள் இங்கே இன்னொரு கேள்வி தொடங்கி 'பதிவிறக்கம் நடுவில் நிற்கிறது' என்று எழுதுவீர்கள். மிச்சம் இருக்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்லும் இயல்பான லெவல் முறையே போதும்.

எபோல் லினக்ஸின் 2.5 வரிசையில் 2002இல் வந்தது. அதற்கு முன்பு செலக்டும் போலும்தான் கதி. செலக்ட் 1983இல் 4.2பிஎஸ்டியோடு வந்தது, லினக்ஸில் 1023க்கு மேற்பட்ட விவரிப்பான் எண்ணை அதில் வைக்க முடியாது. டான் கெகல் 'பத்தாயிரம் இணைப்புச் சிக்கல்' என்று எழுதியது 1999இல். அந்தச் சண்டை ஆயிரக்கணக்கான இணைப்புகளுக்கானது. உங்கள் இருபதுக்கு எட்ஜா லெவலா என்பது கணக்கிலேயே வராது.

சிக்ரி சாலை

இதே பகுதியில் இன்னொன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாக்கெட் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்ட்ரக்ட் (விவரத் தொகுப்பு) ஒதுக்கி, அதன் சுட்டியை (நினைவக முகவரியை) எபோல் நிகழ்வின் டேட்டாவில் வைத்திருக்கிறாரா?

கோட்டையூரான்

ஆமாம். சாக்கெட் கால்பேக்கில் 'ரிமூவ்' வந்தால் அங்கேயே ஃப்ரீ செய்கிறார். ஒரு தடவையில் 64 நிகழ்வுகள்வரை எடுக்கிறார்.

சிக்ரி சாலை

அப்படியானால் அங்கே ஒரு பாம்பு படுத்திருக்கிறது. எபோல்_வெயிட் ஏழு நிகழ்வுகளைக் கொடுத்தது என்று வையுங்கள். மூன்றாவதைக் கவனிக்கும்போது லிப்கர்ல் வேறொரு பரிமாற்றத்தை முடித்து, அதன் சாக்கெட்டுக்கு 'ரிமூவ்' சொல்கிறது. காலம் கடந்த டைமர்களையும் அதே அழைப்பில் பார்க்கும் என்று மேலாள் சொன்னாரே, அதனால் இது நடக்கக்கூடியது. நீங்கள் அந்த ஸ்ட்ரக்டை விடுவித்துவிட்டீர்கள். ஆனால் ஆறாவது நிகழ்வில் அதே சுட்டி இன்னும் காத்திருக்கிறது. விடுவித்த நினைவகத்தைத் தொடுவீர்கள். மாதத்துக்கு ஒருமுறை காரணமில்லாமல் விழும் நிரல்களில் பலவற்றின் கதை இதுதான்.

எளிய வழி: எபோல் டேட்டாவில் சுட்டிக்குப் பதிலாக விவரிப்பான் எண்ணை மட்டும் வையுங்கள். ஆக்‌ஷனுக்குத் தேவை அந்த எண்ணும் படிக்கவா எழுதவா என்பதும்தான். லிப்கர்லுக்குத் தெரியாத எண்ணைக் கொடுத்தால் அது பேசாமல் விட்டுவிடும். மூடிய எண்ணையே புதிய சாக்கெட் எடுத்துக்கொண்டிருந்தால், தவறாக ஒருமுறை 'படிக்கலாம்' என்று போகும். முயன்று பார்த்து ஈஅகைன் வாங்கித் திரும்பும், கெடுதல் இல்லை.

மேலாள்

இருபது பரிமாற்றத்துக்கு சாக்கெட்_ஆக்‌ஷன் தேவையா என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூஜ்ஜியத்தின் எரிச்சலில் ஒரு நியாயம் இருக்கிறது. கர்ல்_மல்டி_போல் என்று ஒன்று 7.66.0 முதல் இருக்கிறது. பெர்ஃபார்ம், போல், பெர்ஃபார்ம், போல் என்று சுற்றினால் போதும். டைமர்களை அது தானே பார்த்துக்கொள்ளும். கூடுதலாக உங்கள் விவரிப்பான்களையும் அதற்குக் கொடுக்கலாம். ஐநோட்டிஃபை அதில் போய்விடும். நிரல் பாதியாகக் குறையும். நானாக இருந்தால் புதிதாகத் தொடங்கும்போது அதைத்தான் எடுப்பேன். சாக்கெட்_ஆக்‌ஷன் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் போகும் இடத்துக்கானது. அங்கே ஒவ்வொரு சுற்றிலும் எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பதே செலவாகிவிடும்.

ஆனால் உங்களிடம் இருக்கும் நிரலுக்கு டைமர் ஒன்றுதான் குறை. இருபது வரியில் தீரும் விஷயம். தீர்த்துவிட்டு ஓட விடுங்கள்.

பூஜ்ஜியம்

நேரடியாக சாக்கெட் எழுதி, லிப்கர்லையே விட்டுவிட்டால்? கனெக்ட், சென்ட், ரிசீவ், மூன்றும் நமக்குத் தெரிந்ததுதானே.

தேன்குழல்

கனெக்டை நான்பிளாக்கிங்கில் (காத்திருக்காத முறையில்) அழைத்தால் ஈஇன்ப்ரோக்ரஸ் ('இன்னும் நடக்கிறது') வரும். எழுதத் தயார் என்று எபோல் சொன்னபின் எஸ்ஓ_எரர் என்ன என்று கேட்டுத்தான் இணைந்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டும். சென்ட் கேட்டதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். மிச்சம் எங்கே நின்றது என்று வைத்திருக்க வேண்டும். இவ்வளவும் ஒரு மாலையில் எழுதிவிடலாம். அதன்மேல் டிஎல்எஸ் மறையாக்கம் வரும்போதுதான் உண்மையான வேலை. படிக்கப் போனால் 'முதலில் எழுத வேண்டும்' என்று நூலகம் சொல்லும். மறையாக்கத்தைப் பிரித்த தரவு நூலகத்தின் உள்ளேயே தங்கியிருக்கும். சாக்கெட்டில் ஒன்றும் இல்லாததால் எபோல் மௌனமாக இருக்கும். கற்றுக்கொள்ள வேண்டுமானால் எழுதுங்கள், நானே உதவுகிறேன். அடுத்தவர் வீட்டுப் பேரேட்டை அனுப்புவதற்கு வேண்டாம்.

கோட்டையூரான்

டைமர்எஃப்டி சேர்த்துவிட்டேன். எக்ஸ்பெக்ட் வரியை மறுபடி இயல்புக்கு விட்டுவிட்டேன். 'ஆ'வுக்குத் தனிக் கோப்பு போகிறது. தலைப்பு வரிகளுக்கும் உடலுக்கும் நடுவே எஸ்ட்ரேஸில் சரியாக ஒரு வினாடி தெரிகிறது, பார்க்கவே மகிழ்ச்சியாக இருந்தது. சுட்டியையும் எண்ணாக மாற்றினேன். மேலாள் அண்ணனுக்கும் தேன்குழல் அக்காவுக்கும் சிக்ரி சாலைக்கும் நன்றி.

இன்னொரு தொல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் போனால் எங்கள் அலுவலகம் இன்வெர்ட்டரில் ஓடும். ஆனால் தெருமுனையில் இருக்கும் இணையப் பெட்டி அணைந்துவிடுகிறது. மின்சாரம் வந்த பிறகும் சில பரிமாற்றங்கள் மணிக்கணக்கில் 'நடந்துகொண்டிருக்கிறது' என்றே காட்டுகின்றன. ஒருமுறை மறுநாள் காலைவரை அப்படியே இருந்தது. முன்பு இருந்தவர் லோ_ஸ்பீடு_டைம் (வேகம் குறைந்தே இத்தனை வினாடி நீடித்தால் கைவிடு) 60 என்று வைத்திருக்கிறார், அது ஏன் வேலை செய்யவில்லை?

சிக்ரி சாலை

லோ_ஸ்பீடு கணக்கும் டைமரால் ஓடுவதுதான். டைமர் இல்லாத நிரலில் அது எழுதி வைத்த எழுத்தாகவே இருந்திருக்கும். இப்போது வேலை செய்ய வேண்டும். லோ_ஸ்பீடு_லிமிட்டையும் ஒரு மதிப்பில் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் பயன்.

மணிக்கணக்கில் ஏன் என்பதற்கு டிசிபியின் குணம் தெரிய வேண்டும். நடுவழியில் பெட்டி அணைந்தால் உங்கள் கெர்னலுக்கு யாரும் சொல்வதில்லை. அனுப்பிய தரவுக்கு ஒப்புகை வராமல் இருந்தால் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். லினக்ஸின் இயல்பான அமைப்பில் 15 முறை, இடைவெளி கூடிக்கொண்டே போய்ச் சுமார் கால்மணி நேரத்துக்குமேல் ஆகி இணைப்பைக் கைவிடும். இது அனுப்பிக்கொண்டிருக்கும்போது நின்றால்.

கோப்பு முழுவதும் போய், ஒப்புகையும் வந்து, சர்வரின் '201' பதிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் கதை வேறு. உங்கள் பக்கம் அனுப்ப ஒன்றும் இல்லை, ஆகவே திரும்ப அனுப்பிப் பார்ப்பதும் இல்லை. டிசிபி எவ்வளவு காலம் வேண்டுமானாலும் அப்படியே இருக்கும். உங்களுக்கு மறுநாள்வரை நின்றது இந்த வகையாக இருக்கக்கூடும். கீப்அலைவ் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிப்பது) போட்டால் தீரும் என்பார்கள். கெர்னலின் இயல்பில் முதல் சோதனையே 7200 வினாடி கழித்து, அதாவது இரண்டு மணி நேரம். லிப்கர்லில் டிசிபி_கீப்அலைவை இயக்கினால் அந்தக் காலத்தை அது 60 வினாடியாக வைக்கும். அதையும் போடுங்கள், லோ_ஸ்பீடையும் வையுங்கள்.

தேன்குழல்

மின்தடை இருக்கும் ஊரில் இருபதை ஒன்றாக விடுவதையே யோசிக்க வேண்டும். உங்கள் இணைப்பின் பதிவேற்ற வேகம் என்ன?

கோட்டையூரான்

நல்ல நேரத்தில் 20 எம்பிபிஎஸ் அக்கா.

தேன்குழல்

கோப்பு ஒன்று 80 எம்பி என்று கொள்வோம். இருபது கோப்பு 1600 எம்பி, அதாவது 12,800 மெகாபிட். 20 எம்பிபிஎஸ்ஸில் 640 வினாடி. இருபதையும் ஒன்றாக விட்டாலும் நான்கு நான்காக விட்டாலும் மொத்தம் அதே 640 வினாடிதான். குழாய் ஒன்றுதானே.

இப்போது ஐந்தாவது நிமிடத்தில் இணைப்பு போகிறது. இருபதும் ஒன்றாகப் போயிருந்தால் ஒவ்வொன்றும் பாதிக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். முடிந்தது ஒன்றுகூட இல்லை. வெறும் புட் என்பதால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, எல்லாம் முதலிலிருந்து. நான்கு நான்காக விட்டிருந்தால் ஒரு சுற்றுக்கு 128 வினாடி. அதற்குள் எட்டு கோப்புகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

மல்டியில் மேக்ஸ்_டோட்டல்_கனெக்‌ஷன்ஸ் 4 என்று வையுங்கள். இருபதையும் சேர்த்துவிடுங்கள், மிச்சத்தை லிப்கர்லே வரிசையில் நிறுத்திக்கொள்ளும். நீங்கள் வரிசை எதுவும் எழுத வேண்டாம்.

மகர்நோன்பு

இது எனக்கே பயன்படும். கல்யாண வீடியோக்களை இப்படித்தான் முப்பதை ஒன்றாக விட்டுவிட்டுப் புலம்பிக்கொண்டிருந்தேன்.

மேலாள்

நல்ல கணக்கு. வட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தம்பி, ஸ்கேன் கோப்புகள் யூஎஸ்பி வன்தட்டில் இருக்கின்றனவா?

கோட்டையூரான்

ஆமாம் அண்ணே. பழைய சுழலும் தட்டு. சும்மா இருந்தால் தூங்கிவிடும் வகை.

மேலாள்

அப்படியானால் லூப் அங்கே சிக்கும். ரீட் கால்பேக்கில் நீங்கள் கோப்பைப் படிக்கும் ரீட் அழைப்பு, தட்டு விழித்துச் சுழலத் தொடங்கும்வரை சில வினாடிகள் அப்படியே நிற்கும். அந்த நேரம் நான்கு பரிமாற்றங்களும் நிற்கும், டைமரும் நிற்கும். கோப்பு விவரிப்பானையும் எபோலில் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். சாதாரணக் கோப்பைச் சேர்க்கப் போனால் கெர்னல் ஈபெர்ம் ('அனுமதி இல்லை') என்று விரட்டிவிடும். ஓ_நான்பிளாக் கொடியும் சாதாரணக் கோப்புக்குப் பயன் தராது.

முறையான தீர்வு: படிப்பதற்கு ஒரே ஒரு த்ரெட். ரீட் கால்பேக்கில் தரவு தயாராக இல்லையென்றால் 'பாஸ்' என்று திருப்பி அனுப்புங்கள். த்ரெட் படித்து முடித்ததும் ஈவென்ட்எஃப்டியில் (எபோலில் சேர்க்கக்கூடிய அறிவிப்பு விவரிப்பான்) எழுதட்டும். லூப் அதைப் பார்த்து, தன் கையாலேயே கர்ல்_ஈஸி_பாஸ் வழியாக நிறுத்தத்தை நீக்கட்டும். த்ரெட்டிலிருந்து லிப்கர்லை நேரடியாகத் தொடாதீர்கள். கர்ல்_மல்டி_வேக்அப் என்று ஒன்று இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது மல்டி_போலில் காத்திருப்பவரை எழுப்பத்தான், உங்கள் எபோலை எழுப்பாது.

முறையில்லாத தீர்வு: தட்டைத் தூங்கவிடாத அமைப்பில் வையுங்கள், அல்லது ஸ்கேன் கோப்பை முதலில் ஒரு சிறிய எஸ்எஸ்டியில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் அளவுக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். ஓர் எஸ்எஸ்டியின் விலைக்கு ஒரு த்ரெட்டும் அதன் பிழைகளும் மிச்சம்.

பூஜ்ஜியம்

கடைசியில் த்ரெட் வந்துவிட்டது பார்த்தீர்களா!

மேலாள்

வந்தது, ஒன்றே ஒன்று. அதையும் எஸ்எஸ்டி வாங்கித் திருப்பி அனுப்பிவிட்டோம்.

சிக்ரி சாலை

ஐநோட்டிஃபையில் எந்த நிகழ்வைக் கவனிக்கிறீர்கள்? 'கிரியேட்' என்றால் ஸ்கேனர் பாதி எழுதிய கோப்பையே அனுப்பத் தொடங்கிவிடுவீர்கள். 'க்ளோஸ்_ரைட்' வேண்டும்; ஸ்கேனர் மென்பொருள் தற்காலிகப் பெயரில் எழுதிப் பிறகு பெயர் மாற்றும் வகையாக இருந்தால் 'மூவ்டு_டு'.

கோட்டையூரான்

க்ளோஸ்_ரைட்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஸ்கேனர் ஒரு கோப்பை எழுதி மூடிவிட்டு, உடனே மறுபடி திறந்து தேதி விவரங்களை எழுதி மூடுகிறது. இரண்டு நிகழ்வு வருகிறது, அதே கோப்பு இரண்டு முறை போகிறது.

தேன்குழல்

கோப்பின் பெயரோடு கடைசி நிகழ்வின் நேரத்தைக் குறித்துவைத்து, மூன்று வினாடி புதிதாக ஒன்றும் வராவிட்டால் மட்டும் மல்டியில் சேருங்கள். அந்த மூன்று வினாடிக்குத் தனி டைமர்எஃப்டி வையுங்கள். லிப்கர்லுக்குக் கொடுத்ததை இதற்கும் பயன்படுத்தினால், அது தன் நேரத்தை மாற்றும்போதெல்லாம் உங்கள் மூன்று வினாடி அழிந்துவிடும்.